ஒச்செரேயின் பளபளப்பு

அச்சியாவின் முன்பல் ஒன்று சரும நலத்துக்காக விழுந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் குவாந்தா நகராட்சியின் சரும நலச் சாறு வாரியம் காரணமில்லாமல் ஆட்களை அடிக்கும் என்று யாராவது தப்பாக நினைத்துக்கொள்வார்கள். வாரியம் அடித்த ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருந்தது. சில நாள் காரணம் உடனே கிடைக்காது. அப்போது முதலில் அடித்துவிட்டுப் பிறகு தேடுவார்கள். தேடிக் கிடைக்காமல் போனதாக வரலாறு இல்லை.

குமாசி நகரத்துக்குப் போகும் சாலையில், வேன் நிலையத்து வேப்பமரத்தடியில் அச்சியா ஆரஞ்சு விற்றுவந்தாள். பச்சைத் தோலை நீள நாடாவாகச் சீவி எடுத்து, தலைப்பக்கம் மூடி மாதிரி ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பாள். வாங்கியவர்கள் அதை வாயில் கவிழ்த்துப் பிசைந்து, சாற்றை உறிஞ்சிவிட்டு, சக்கையை வேன் ஜன்னலுக்கு வெளியே வீசுவார்கள். ஊர் உண்டான நாளிலிருந்து இப்படித்தான். வாரியம் வந்த வாரமே அதற்குத் தடை போட்டது. ‘வாய் என்பது பதிவு பெறாத பிழியும் கருவி’ என்று பலகையில் எழுதி மரத்தில் அடித்தார்கள். அதிலிருந்து அச்சியாவின் பழக்கூடை காலையில் வாரியத்து இயந்திரத்துக்குப் போகும். கேரட், பீட்ரூட், வெள்ளரி, பப்பாளி, இஞ்சியோடு அரைபட்டு, சேற்று நிறத்தில் ஒரு கோப்பையாக அவளிடமே திரும்பி வரும். அதை அவள் வாரியத்து ஆள் முன்னால் குடித்து, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அதே விதிதான்.

வாரியத்து ஆட்களுக்குப் ‘பிழிஞர்’ என்று பட்டம். போன தேர்தலில் இரண்டு கட்சிக்கும் மாறி மாறி வாக்குப்பெட்டி தூக்கிய தடியர்கள்தான் அவர்கள். தேர்தல் முடிந்ததும் வேலையில்லாமல் தெருமுனையில் நின்றார்கள். அந்த நேரத்தில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: முகத்தை வெளுக்கவைக்கும் களிம்புகளை ஒழியுங்கள், பழச்சாறு காய்கறிச்சாறு பக்கம் மக்களைத் திருப்புங்கள். நல்ல உத்தரவு, குறை சொல்ல முடியாது. நகராட்சி யோசித்துப் பார்த்துத் தடியர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டது. பிழியும் இயந்திரம் துறைமுகத்தில் கிடந்ததால், அது வந்து சேரும்வரை கிழங்கை ஃபூஃபூக் களியாக இடிக்கும் உலக்கையை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். இயந்திரம் வந்த பிறகு உலக்கையைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்று காலையும் அச்சியா கோப்பையை வாங்கினாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் கொஞ்சம் மண்ணில் ஊற்றினாள். தண்ணீரோ கள்ளோ சோடாவோ, எதைக் குடித்தாலும் முதல் சொட்டு செத்தவர்களுக்கு. குவாந்தாவில் யாரும் அதை யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் சாயும். தலைமைப் பிழிஞர் அனானேகூட பீர் பாட்டிலைத் திறந்தால் தன் அப்பனுக்கு ஊற்றிவிட்டுத்தான் குடிப்பான். ஆனால் அது பீர். இது அரசாங்கச் சாறு.

உலக்கை சுழன்று வந்து அவள் வாயில் விழுந்தது.

“தயவு செஞ்சு மன்னிச்சுக்கங்க, மாமே” என்றான் அனானே. வயதில் மூத்த பெண்களை அங்கே ‘மாமே’, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஊரில் ஆளைக் கொல்வதானாலும் ‘தயவு செஞ்சு’ சொல்லிவிட்டுத்தான் கொல்வார்கள்.

அச்சியா ரத்தத்தைத் துப்பினாள். கூடவே பல்லும் மணலில் விழுந்தது. அவள் பல்லைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தாள்.

“ஏண்டா, இடது கையாலயா அடிச்ச?”

வேன் நிலையம் அப்படியே நின்றுவிட்டது. குமாசி குமாசி என்று கத்திக்கொண்டிருந்தவனும் வாயை மூடினான்.

“உங்கம்மா வயசுடா எனக்கு. இடது கையால ஒரு வாழைப்பழத்தக்கூட பெரியவங்ககிட்ட நீட்டக் கூடாது. நீ உலக்கைய நீட்டுற?”

பக்கத்தில் சோள உருண்டை விற்கும் செர்வா எழுந்து இடுப்பில் கைவைத்தாள். “கழுவுற கையால அடிக்கிறான் பாரு! இவன வளத்த லட்சணம் அப்படி!”

ஓட்டுநர்கள் சீச்சீ என்றார்கள். யாரோ காறித் துப்பினார்கள். பல் போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அனானே வெட்கத்தில் குறுகிப்போனான். “தப்புதான் மாமே. வலது கையில தட்டு இருந்துச்சு.” தட்டைக் கீழே வைத்தான். உலக்கையை வலது கைக்கு மாற்றிக்கொண்டான். அதே இடத்தில் மரியாதையாக இன்னொரு முறை அடித்தான். கூட்டம் சமாதானமாகிக் கலைந்தது.

அச்சியா பல்லைப் பொறுக்கித் துணி முந்தியில் முடிந்துகொண்டாள்.

“யாருக்கு ஊத்துனீங்க?” என்று கேட்டான் அனானே.

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“தினமுமா?”

“பின்ன? நான் மட்டும் குடிச்சா அவரு சும்மா விடுவாரா? ஒனக்குத்தான் தெரியுமே ஒச்செரேய. மழையில நீ நனைஞ்சுகிட்டுப் போனா லாரிய நிறுத்தி ஏத்திக்குவாரே.”

“தெரியும் மாமே. தங்கமான மனுசன். நடங்க ஆபீசுக்கு.”

வாரியத்தின் இயக்குநர் டாக்டர் நியார்கோ. எதில் டாக்டர் என்று ஊருக்குத் தெரியாது. கேட்ட ஒருவர் இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். நியார்கோவின் முகம் பழுத்த பப்பாளி நிறம். காதும் விரல் முட்டிகளும் மட்டும் அவர் பிறந்தபோது இருந்த கறுப்பு. கடைகளில் பறிமுதல் செய்த களிம்புகளை ஆராய்வது தன் கடமை என்று அவர் தினமும் தன் முகத்திலேயே ஆராய்ந்துவந்தார். தேன் கலந்த களிம்பு ஒன்று அவருக்கு மிகவும் பிடித்துப்போய், அதன் ஆராய்ச்சி மட்டும் முடியவே இல்லை.

உள்ளே போனதும் கன்னச் சோதனை. ஒரு பிழிஞர் வலது கன்னத்தில் ஓங்கி அறைவார். ரத்தம் ஏறிக் கன்னம் மினுங்கினால் சாறு வேலை செய்கிறது என்று பொருள். மினுங்காவிட்டால் இன்னும் சாறு வேண்டும் என்று பொருள். அதை உறுதி செய்ய இடது கன்னத்தில் அறைவார். அச்சியா கறுத்த பெண். உறுதி செய்ய வெகுநேரம் ஆனது.

“பாத்தீங்களா அம்மா, மினுங்குது!” என்றார் நியார்கோ. “உள்ள வர்றப்ப இப்படியா இருந்துச்சு?”

“இல்லீங்க ஐயா. வேன் ஸ்டாண்டுல இருந்து கௌம்புறதுக்கு முன்னாடி பல்லும் இருந்துச்சு.”

அனானே விஷயத்தைச் சொன்னான். நியார்கோ நாற்காலியில் சாய்ந்தார். குளிர்ந்த பீரை ஒரு வாய் குடித்தார். அவர் சாறு குடித்து யாரும் பார்த்ததில்லை.

“இந்த வாரியம் யாரையும் ஒதுக்காது அம்மா. ஏழை, பணக்காரன், இருக்கறவன், போனவன், எல்லாருக்கும் சருமம் ஒண்ணுதான்.”

“அவருக்கு இப்ப சருமம் இருக்குமான்னு தெரியலீங்க.”

“அதத்தான் பாக்கணுங்கறேன். ஒங்க வீட்டுக்காரர் தினமும் அரசாங்கச் சாறு குடிச்சிருக்காரு. ஒரு நாளாவது சோதனைக்கு வந்தாரா?”

“செத்துட்டாருங்க ஐயா.”

“அது அவரோட சொந்த விஷயம். அதுல வாரியம் தலையிடாது. வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

அச்சியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அனானேயைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

“அவரால வர முடியாதுங்க ஐயா.”

“நடமாட முடியாதவங்களுக்கு நாங்களே எடம் தேடி வருவோம். அந்தச் சலுகை இருக்கு” என்றார் நியார்கோ, பெருந்தன்மையாக.

ஒச்செரே வாழ்நாளெல்லாம் வடக்கேயிருந்து கிழங்கு ஏற்றிவரும் லாரி ஓட்டியவன். வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்ததும் முதலாளியின் ஆள் கதவைத் தட்டுவான். தூக்கம் கலைந்த கண்ணோடு சட்டையை மாட்டிக்கொண்டு, “செத்தாத்தான் என்னைத் தூங்க விடுவானுங்க” என்று சொல்லிவிட்டுப் போவான். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. குவாந்தாவிலேயே மோசமான சருமம் அவனுடையதுதான். அதைக் கிண்டல் செய்யப் போய்த்தான் அச்சியா அவனிடம் மாட்டிக்கொண்டாள். அவன் செத்த அன்று முகத்தைக் கழுவிவிட்டவளும் அவள்தான். ஒவ்வொரு குழியாக விரலால் தடவிக் கழுவினாள். கழுவி முடித்து அவன் காதில், “தூங்கு. இனிமே ஒன்ன யாரும் எழுப்ப மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லியிருந்தாள். பல் போனால் போகட்டும். அந்த வார்த்தை போகக் கூடாது என்று அவள் நினைத்தாள்.

“தோண்டவா போறானுங்க?” செர்வாவுக்கு நம்பிக்கை வரவில்லை. “கல்லறையவா? மூதாதைங்க சும்மா விடுவாங்களா?”

“அவனுங்க பயப்படுற ஆளுங்க எல்லாம் உசுரோட இருக்கற பெரிய மனுசங்கதான்டி.”

“நீ என்ன பண்ணப்போற?”

“பழம் சீவுற கத்தி இருக்கு.”

“நான் மாவு கிண்டுற துடுப்பக் கொண்டாறேன்” என்றாள் செர்வா.

வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் வாரியம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தது. நியார்கோவுக்கு ஒருவன் குடை பிடித்தான். இன்னொருவன் மடக்கு நாற்காலியும் பீரும் கொண்டுவந்தான். ஒச்செரேயின் சிமென்ட் மேட்டின் மேல் அச்சியா உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரிங்க மாமே, தயவு செஞ்சு” என்றான் அனானே.

“என் பொணத்த எழுப்பு. அவரத் தொடாத.”

அவன் அவள் தோளைப் பிடித்தான். கத்தி அவன் முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரே கோடாகப் போனது. ஆரஞ்சுத் தோலை உரித்துப் பழகிய கை, நாடா அறாமல் இறங்கியது. அனானே அலறினான். ஒரு பிழிஞன் பாய்ந்தான். செர்வாவின் துடுப்பு அவன் மூக்கை உடைத்தது. அதற்குப் பிறகு உலக்கைகள் எல்லாம் ஒன்றாக இறங்கின. செர்வாவின் மணிக்கட்டு முறிந்த சத்தம் குடைக்கடியில் இருந்தவருக்கும் கேட்டது. அச்சியாவைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் சிமென்டைப் பிறாண்டியதில் நகங்கள் பெயர்ந்தன. விலாவில் மிதித்தார்கள். சண்டை ஓய்ந்ததும் அடித்தவன், அடிபட்டவள் என்று பாராமல் எல்லோருக்கும் ஒரு கோப்பை கேரட் சாறு கொடுத்தார்கள். காயம் ஆற அது நல்லதாம்.

கடப்பாரை சிமென்டை உடைத்தது. அச்சியா முகத்தைத் திருப்பவில்லை. தலையை வெளியே எடுத்து நியார்கோவின் முன்னால் ஒரு தாம்பாளத்தில் வைத்தார்கள்.

“சோதனை” என்றார் நியார்கோ.

பிழிஞர்கள் பின்னால் நகர்ந்தார்கள். உயிரோடு இருக்கும் கிழவியை அடிப்பது உத்தியோகம். செத்தவனை அறைவது வேறு விஷயம். கடைசியில் தலைமைப் பிழிஞர்தான் வர வேண்டியிருந்தது. அனானே ரத்தம் சொட்டும் கையைச் சட்டையில் சுற்றிக்கொண்டு குனிந்தான்.

“தயவு செஞ்சு மன்னிச்சுக்கங்க, மாமா” என்று மண்டை ஓட்டிடம் சொல்லிவிட்டு, வலது கையால் அறைந்தான். ஒரு பல் தெறித்துப் புல்லில் விழுந்தது.

நியார்கோ கைக்குட்டையால் அந்தக் கன்ன எலும்பைத் துடைத்தார். வெயில் பட்டு அது பளபளத்தது. அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“பரு இல்லை. கரும்புள்ளி இல்லை. சுருக்கம் இல்லை. எண்ணெய்ப் பசை இல்லை. ஒரு குழி, ஒரே ஒரு குழிகூட இல்லை!” அவர் பிழிஞர்கள் பக்கம் திரும்பினார். “தினம் நாலு சொட்டுக் குடித்தவர் இந்த நிலையை அடைந்திருக்கிறார். முழுக் கோப்பை குடிக்கும் நம் மக்கள் ஏன் இன்னும் அடையவில்லை? ஒத்துழைப்பு இல்லை! ஒத்துழைத்தால் இந்த ஊரையே இப்படி ஆக்கிக் காட்டுவேன்!”

“அது அவரு மூஞ்சி இல்ல” என்றாள் அச்சியா. தரையில் கிடந்தபடியே சொன்னாள். “அவரு மூஞ்சியில குழி இருக்கும். எனக்குத் தெரியும்.”

“அதுக்குப் பேருதான் அம்மா முன்னேற்றம்.”

ஒச்செரேயைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு அலுவலக முற்றத்தில் பீடம் கட்டி வைத்தார்கள். அவன் படத்தை அச்சடித்து வேன் நிலையம், சந்தை, பள்ளிக்கூடம் எங்கும் ஒட்டினார்கள். கீழே பெரிய எழுத்தில், ‘உங்கள் கன்னம் எப்போது?’

இனிக் கன்னச் சோதனையில் மினுங்கினால் போதாது, ஒச்செரே அளவுக்கு மினுங்க வேண்டும் என்று விதி மாறியது. பிழிஞர்கள் உடம்பு தேய்க்கும் வலைநாரும் எலுமிச்சையும் கொண்டு தெருவில் நின்றார்கள். போகிறவர் வருகிறவரைப் பிடித்துக் கீழே தள்ளி, மேல் தோல் போய் ரத்தம் கசியும்வரை தேய்த்தார்கள். எலுமிச்சை பட்டு ஜனங்கள் ஊளையிட்டார்கள். ஊளைச் சத்தத்தை நியார்கோ ‘சருமம் மூச்சுவிடும் ஓசை’ என்று வானொலியில் விளக்கினார். கணக்கு வாத்தியார் போவாடுவுக்குக் கேரட் சாறு அதிகமாகி உள்ளங்கை இரண்டும் மஞ்சளாகிவிட்டன. சாறு திருடினான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள்.

“நீங்க ஊத்துனதத்தானே குடிச்சேன்?” என்று கேட்டார் வாத்தியார்.

“குடிக்கச் சொன்னோம். வெளிய தெரியற மாதிரியா குடிக்கச் சொன்னோம்?” என்று அவர் விரல்களை ஒவ்வொன்றாக முறித்தார்கள். அதற்குப் பிறகு அவர் வகுப்பில் வாயாலேயே கணக்குப் போட்டார்.

விலாக் கட்டோடு அச்சியா தினமும் அந்த முற்றத்துக்குப் போய் நின்றாள். ஒருநாள் நியார்கோ காரிலிருந்து இறங்கியபோது காலைப் பிடித்தாள்.

“ஐயா, அவரு தூங்கணும். வாழ்க்கை பூரா தூங்காத மனுசன். இப்படி நட்ட நடு முத்தத்துல, எல்லாரும் பாக்க, கண்ணத் தொறந்து வெச்சா எப்படிங்க தூங்குவாரு? குடுத்துடுங்க.”

“அவர் இப்ப ஒங்க புருசன் இல்ல அம்மா, அரசாங்கத்தோட சாதனை. உசுரோட இருக்கற ஒருத்தர் இவரவிட நல்லா மினுங்கட்டும். அன்னைக்கே எடுத்துட்டுப் போங்க.”

மறுநாள் காலைக் கோப்பை முற்றத்திலேயே கொடுக்கப்பட்டது. அச்சியா வாங்கினாள். கண்ணாடிக்குள் ஒச்செரே அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கும் முன்வரிசையில் ஒன்று குறைந்திருந்தது. அவள் கை சாய்ந்தது. இந்த முறை கொஞ்சத்தோடு நிற்கவில்லை. கோப்பை காலியாகும்வரை ஊற்றினாள்.

“ஒச்செரே! இந்தா, எல்லாத்தையும் நீயே குடி!”

உலக்கை உயர்ந்தது. அதற்குள் செர்வா தன் கோப்பையைக் கவிழ்த்தாள். “என்னப் பெத்த அம்மா, வா! வந்து குடி!” அவளுக்குப் பின்னால் மீன் விற்கிறவள், தக்காளி விற்கிறவள், மிளகாய் விற்கிறவள், வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் தங்கள் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊற்றினார்கள். யாரும் பேசி வைத்துச் செய்யவில்லை. மண் சாற்றைக் குடித்துக் குடித்து, பிறகு குடிக்க முடியாமல் குட்டையாக நிறுத்தியது.

பிழிஞர்களுக்கு யாரை முதலில் அடிப்பது என்று தெரியவில்லை. அனானே ஓடிப்போய் நியார்கோவை அழைத்துவந்தான்.

“ஐயா, இத்தன பேரும் சோதனைக்கு வரணும்ல? இத்தன கல்லறையும் தோண்டணுமா?”

நியார்கோ குட்டையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“தோண்டலாம், தோண்டலாம். மொதல்ல நல்லாக் குடிக்கட்டும்.” பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேடைக் குரலுக்கு மாறினார். “உயிரோடு இருப்பவர்களோடு இத்தனை காலம் போராடிப் பார்த்துவிட்டோம். வாந்தி என்கிறார்கள், வயிற்றுப்போக்கு என்கிறார்கள், விரல் முறிந்தது என்கிறார்கள். இறந்தவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகார் வந்ததுண்டா? இனி வாரியத்தின் முழுக் கவனமும் ஒத்துழைக்கிற குடிமக்கள் மீதுதான். ஊற்றுங்கள்!”

இயந்திரம் ஓயாமல் ஓடியது. அன்னாசி, கரும்பு, மாம்பழம், எது கிடைத்தாலும் அரைத்து முற்றத்தில் ஊற்றினார்கள். ஊரில் தின்பதற்குப் பழம் இல்லை. முற்றத்தில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வெயிலில் சாறு நுரைத்துப் புளித்தது. முதலில் எறும்பு வந்தது, பிறகு ஈ, பிறகு தேனீ. ஆரஞ்சு விற்கிறவர்கள் தோல் குவியலின் மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி வைப்பார்கள், தேனீ அண்டாது. அச்சியா அதை யாரிடமும் சொல்லவில்லை. அவளை யாரும் கேட்கவும் இல்லை. தேனீ என்று சொன்ன பெருக்குகிறவனை, வாரியத்தின் வளாகத்தில் அனுமதியில்லாமல் எதுவும் பறக்காது என்று சொல்லி அடித்தார்கள்.

சாதனை விழா நாள் வந்தது. ஒலிபெருக்கி கட்டி, பந்தல் போட்டு, பிழிஞர்கள் வெள்ளைக் கோட்டைச் சலவை செய்து மாட்டிக்கொண்டு நின்றார்கள். மேலிடத்து விருந்தினர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெண்களுக்கு உட்கார இடமில்லை, மதிலோரமாக நின்றார்கள். நியார்கோ அன்று ஆராய்ச்சிக் களிம்பை வழக்கத்தைவிடத் தாராளமாகப் பூசியிருந்தார். தேன் வாசனை மதில்வரை வந்தது.

“இந்த வாரியத்தில் சலுகை என்ற பேச்சே கிடையாது!” என்று மேடையில் முழங்கினார். “பெரியவர் சிறியவர் கிடையாது! நாளைக்கு இந்த நியார்கோவின் முகத்தில் ஒரு தடிப்பு, ஒரு வீக்கம் தெரிந்தாலும், பிழிஞர்களே, என்னை விடாதீர்கள்! நான் கெஞ்சினாலும் விடாதீர்கள்! கெஞ்சுவது நோயின் அறிகுறி! அந்த இடத்திலேயே சிகிச்சை…”

முதல் தேனீ அவர் கீழுதட்டில் கொட்டியது. அவர் அதைத் தன் முகத்தோடு சேர்த்து அறைந்து நசுக்கினார். அதற்குப் பிறகு முற்றத்துத் தேனீக்கள் எல்லாம் மேலே எழும்பின. விருந்தினர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கார்களுக்கு ஓடினார்கள். பந்தல் சரிந்தது. ஒலிபெருக்கி, தனியாக நின்று, நியார்கோவின் அலறலை ஊர் முழுக்கச் சொன்னது. அவர் கண்கள் மூடிக்கொண்டன, உதடு தாடைவரை தொங்கியது, கன்னங்கள் பொங்கிக் காதை மறைத்தன.

அனானே அவரைப் பார்த்தான். அவன் முகமும் வீங்கி, ஒரு கண் மட்டும் நூலளவு திறந்திருந்தது. எது செய்யச் சொன்னாலும் செய்துவந்தவன் அவன். இப்போதுதான் ஐயாவே சொல்லியிருந்தார்.

“ஐயா, வீக்கம் தெரியுது” என்றான்.

“டேய்… டேய், வேணாண்டா… கெஞ்சிக் கேக்கறேன்…”

“அறிகுறியும் தெரியுது. தயவு செஞ்சு மன்னிச்சுக்கங்க, ஐயா.”

உலக்கையை வலது கைக்கு மாற்றிக்கொண்டான்.

மற்றப் பிழிஞர்கள் தலைவன் அனானேயைப் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். தலைவனும் வீங்கியிருந்ததால் அவனுக்கும் கொடுத்தார்கள். அவன் பக்கத்தில் இருந்தவனுக்கும் கொடுத்தார்கள். கண் தெரியாதவர்கள் அலறல் வந்த திசையில் கொடுத்தார்கள். எலும்பு முறிகிற சத்தமும் ‘தயவு செஞ்சு’ என்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தன. நியார்கோவைக் கடைசியில் குமாசிக்குத் தூக்கிப் போனபோது மூச்சு இருந்ததா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கன்னம் மினுங்கியதில் இல்லை.

அச்சியா தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு நடுவே நடந்துபோனாள். தேனீக்கள் அவளையும் கொட்டின. அவள் கையை ஓங்கவில்லை. உருண்டு கிடந்த உலக்கை ஒன்றை எடுத்துக் கண்ணாடியை உடைத்தாள். ஒச்செரேயைத் தன் பழத் தாம்பாளத்தில் வைத்து, மேலே இயந்திரத்தில் அரைக்கக் குவித்திருந்த ஆரஞ்சுகளை அடுக்கி, தலையில் தூக்கிக்கொண்டாள்.

வாசலோரம் அனானே சுவரில் சாய்ந்து கிடந்தான். ஒரு கால் தப்பான பக்கம் மடங்கியிருந்தது. இப்போது இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

“யாரு போறது?”

“ஆரஞ்சு விக்கறவ.”

“மாமே… தொண்ட எரியுது. ஒண்ணு குடுங்க, தயவு செஞ்சு.”

அவள் தாம்பாளத்தை இறக்கினாள். ஒரு பழத்தை எடுத்துப் பச்சைத் தோலை நாடா அறாமல் சீவினாள், தலைப்பக்கம் வெட்டினாள். பிறகு அதை இடது கைக்கு மாற்றி நீட்டினாள். அவன் தடவி வாங்கிக்கொண்டு, “புண்ணியமாப் போகும் மாமே” என்றான். முதல் சொட்டை மண்ணில் விட்டுவிட்டு உறிஞ்சினான்.

கல்லறைத் தோட்டத்தில் செர்வா ஒற்றைக் கையால் மண்ணை ஒதுக்கிவைத்திருந்தாள். அச்சியா ஒச்செரேயை உள்ளே வைக்கும் முன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் பழக்கத்தில் குழிகளைத் தேடியது, ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள், சத்தமாக, வாய்விட்டு. அழுது முடித்து முந்தியை அவிழ்த்துத் தன் பல்லை எடுத்து, அவன் பல் விழுந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. பரவாயில்லை என்று பக்கத்தில் போட்டாள்.

மண்ணை மூடிய பிறகு ஒரு ஆரஞ்சைச் சீவி, இரண்டு கையாலும் மேட்டின் மேல் பிழிந்தாள்.

“மெதுவாக் குடி” என்றாள் குனிந்து. “குடிச்சிட்டுத் தூங்கு. எவனாவது வந்து கேட்டா, வெறும் தண்ணின்னு சொல்லிடு.”